நூற்றுப் பதினைந்து மீட்டர்

ஞாயிறு, காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

கால்வாய்க் கரையில் பிள்ளைகள் ஓடித் திரும்புகிற இடத்தில் நின்ற இரும்புக் கம்பத்தைப் பிடுங்கியவன் நீதான். நூற்றுப் பதினைந்து மீட்டர் பள்ளிக்கூடத்துப் பக்கமாகத் தள்ளி அதை நட்டாய். போன ஆண்டு பயிற்சி தொடங்குவதற்கு முந்தின வாரம், ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால், கடப்பாரையோடு தனியாகப் போய் இதைச் செய்தாய். பிறகு அதே பிள்ளைகளைப் பார்த்து மனசில் தெம்பில்லாதவர்கள் என்றாய்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். போனில் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே "அம்மாகிட்ட குடு" என்பாய். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, துணி சுற்றி வைத்திருக்கிறேன். சாலை அலுவலகத்தில் என் வேலை பழையபடிதான். நான் வெயிலில் தூரம் காட்டும் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன், என்ஜினியர் மர நிழலில் நின்று எழுதிக்கொள்கிறார். மிச்ச நேரத்தில் உன் அணியைப் பார்த்துக்கொள்கிறேன். நீ அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சியாளனாகப் போன பிறகு தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, அண்ணன் விட்ட இடத்தை நீதான் பிடிக்க வேண்டும் என்றார். ஓட்டத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. போன ஆண்டு சனிக்கிழமைகளில் உனக்காக ஸ்டாப்வாட்ச் பிடித்தேன் என்பதே அவருக்குப் போதுமான தகுதியாக இருந்தது. சம்பளம் கிடையாது என்பதால் வேறு யாரும் போட்டிக்கும் வரவில்லை.

புதிய பருவத்துக்கு உற்சாகம் ஊட்ட நீ அனுப்பிய வாழ்த்துக் கடிதம் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை அதை மைக்கில் வாசித்தார். "தூரம் காலில் இல்லை, மனதில் இருக்கிறது" என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது அது கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகைக்குள் இருக்கிறது. அன்று சாயங்காலம் பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டே பேர், ரேடியோவும் சின்னதும். ரேடியோவை உனக்கு நினைவிருக்கும், ஓடும்போதும் வாய் மூடாதவள். உன் கடிதம் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டேன்.

"எங்களுக்கு மனசே இல்லேன்னு சார் போன வருஷமே சொல்லிட்டாரே அக்கா. இல்லாத மனசுல எத்தனை கிலோமீட்டர் இருந்தா எங்களுக்கென்ன?"

உன்னைப்போல் பேசி உசுப்பேற்ற எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததைச் செய்யலாம் என்று நினைத்தேன். பாதையில் நூறு மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டால், எவ்வளவு வந்தோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும் அல்லவா? அலுவலகத்தில் கேட்டு அளவுச் சக்கரத்தை வாங்கி வந்தேன். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, ஒரு கையில் சக்கரம். பள்ளியின் பின்வாசலிலிருந்து கம்பம் வரை ஆயிரத்து இருநூற்றைம்பது மீட்டர் இருக்க வேண்டும். போய்த் திரும்பினால் இரண்டரை கிலோமீட்டர், இரண்டு சுற்றுக்கு ஐந்து. பின்வாசல் சுவரில் பெயின்ட்டால் பெரிதாக எழுதியிருக்கிறதே. கம்பத்தடியில் சக்கரம் 1135 என்று காட்டியது.

சக்கரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உன்னைச் சந்தேகப்படவில்லை, இரும்பைச் சந்தேகப்பட்டேன். எங்கள் அலுவலக வாசலில் சக்கரங்களைச் சரிபார்க்க நூறு மீட்டர் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய் உருட்டினேன். சரியாக நூறு. மறுபடி கால்வாய்க்கு வந்து இரண்டு தடவை அளந்தேன். 1135, 1135.

கம்பத்தைத் தாண்டி நடந்தேன். 1250 வந்த இடம் பம்ப் ஹவுஸ் வாசல். அங்கே தரையில் ஒரு குழி, உடைந்த செங்கல் போட்டு மூடியிருந்தது. காவலாளி வெளியே வந்து, உங்கள் அண்ணன் பிடுங்கிய குழிதான் என்று தானாகவே சொன்னார். ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டாராம், வேண்டாம் என்றாயாம். நேரம் குறைந்தால் பிள்ளைகளுக்குத் தெம்பு வரும் என்றாயாம். "நல்ல மனுஷன்" என்று முடித்தார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சுற்றுக்கு இருநூற்று முப்பது, இரண்டு சுற்றுக்கு நானூற்று அறுபது மீட்டர் குறைவு. முந்தின ஆண்டைவிட ஒரே மாதத்தில் ஆறு பேரும் இரண்டு நிமிடம் முன்னேறினார்கள் என்று உன் நோட்டுப் புத்தகத்தில் நானே என் கையெழுத்தில் எழுதினேன். அந்தப் பெரிய பள்ளிக்கூடம் அந்த நோட்டைப் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிட்டது. பந்தயத்தன்று அளந்த மைதானத்தில் ஆறு பேரும் இரண்டு நிமிடம் பிந்தினார்கள். ஆறு பேருக்கும் ஒரே நாளில் எப்படி மனசில்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் தெருத்தெருவாக அளப்பது என் பிழைப்பு. என் கண்ணெதிரே இருந்த பாதையை நான் அளக்கவில்லை. நீ சொன்னாய், நம்பினேன். உனக்குத் தோன்ற வேண்டிய அவசியமில்லை, உனக்குத் தெரியும்.

இப்போது அஞ்சாவதைப் பற்றி. அந்தப் பெயரை வைத்ததும் நீதான். கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் எத்தனை பேர் ஓடினாலும் முதலில் வருகிற ஐந்து பேரின் இடங்களைத்தான் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைந்த அணி ஜெயிக்கும், அதனால் முதலாவதாக வருகிறவளைவிட ஐந்தாவதாக வருகிறவள்தான் அணியின் உயிர் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நீ. அவள் அதை அப்படியே நம்பினாள். கடைசிக் கிலோமீட்டரில் மூன்று பேர் அவளைத் தாண்டினார்கள். இரண்டு புள்ளியில் மூன்றாம் இடம் போயிற்று, மாநிலப் போட்டி போயிற்று. திரும்பி வருகிற பஸ் கிளம்புவதற்கு முன்னால், எல்லோர் முன்னிலையிலும், நீ அவளிடம் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"இருபத்திரண்டு பத்துல ஓடுறவ இருபத்திநாலு அஞ்சுல வர்றான்னா அது கால் செஞ்ச தப்பு இல்ல. உனக்கு மனசு இல்ல. அவ்வளவுதான்."

நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உன் குட்டைப் பாதையில் இருபத்திரண்டு நிமிடம் பத்து விநாடி என்றால், அதே வேகத்தில் முழு ஐந்து கிலோமீட்டருக்கு இருபத்துநான்கு நிமிடம் இருபத்தைந்து விநாடி. அவள் வந்தது இருபத்துநான்கு ஐந்தில். அண்ணா, அன்றைக்கு அவள் தன் வாழ்நாளிலேயே வேகமாக ஓடினாள். இருபது விநாடி கூடுதல் வேகம். அதற்குத்தான் நீ அவளை அப்படிச் சொன்னாய்.

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் அவள் அம்மா வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் இவளும் அங்கே போய்விடுகிறாள். வெள்ளிக்கிழமை போனேன். தாயும் மகளும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் படுக்கை விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். நீராவி, சலவைச் சோடா வாசனை, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத இரைச்சல். கம்பம், குழி, சக்கரம் என்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, ஆள் குறைகிறது என்பதால் சொல்கிறீர்கள் என்றாள். நீயே சக்கரத்தைப் பிடித்து அளந்து பார் என்றேன். சக்கரம் உங்களுடையது, எப்படி வேண்டுமானாலும் காட்டும் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள்: "சார் பொய் சொல்ல மாட்டார் அக்கா."

உன்னை நம்புவதற்காகத் தன்னைக் கோழையாக வைத்திருக்கிறாள். இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உனக்கு உறைக்கிறதா?

ஒருத்தி படிப்பை முடித்துப் போய்விட்டாள். இந்த ஆண்டு அவளைச் சேர்த்தால்தான் ஐந்து. நான்கு பேர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது அணியே இல்லை. ஆனால் அதற்காக மட்டும் கேட்கவில்லை. இதோடு ஒரு தபால் கார்டு வைத்திருக்கிறேன். அவள் முகவரி எழுதியிருக்கிறேன், தபால் தலையும் ஒட்டியிருக்கிறேன். நீ எழுத வேண்டியது ஒரே வரி: பாதை குட்டையாக இருந்தது, நான்தான் குட்டையாக்கினேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அளவு மட்டும் போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கார்டைத் தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் தங்கை


புதன், மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாள் ஆகிவிட்டது. கார்டு அவளுக்கு வரவில்லை. தபால்காரரைத் தெருவிலேயே மறித்துக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அங்கே புல்தரை பச்சைப் பசேல் என்றாய். ஓடி முடித்ததும் பிள்ளைகளுக்குக் கால் பிடித்துவிட ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார் என்றாய். என் கடிதம் வந்ததா என்று அம்மா கேட்டாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணி காய்கிறது என்று வைத்துவிட்டாய். உனக்குத் துணி காயப்போடத் தெரியும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

அம்மா உன் பக்கம்தான். அவன் நல்லதுக்குத்தானே செய்தான், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம் கொடுக்க நினைத்தான், அதை ஏன் இப்படித் தோண்டுகிறாய் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணோட அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டாள். விரிப்பின் முனையை இழுத்துப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன். அம்மா அதற்குப் பிறகு உன் பக்கம் பேசவில்லை. என் பக்கமும் பேசவில்லை.

நல்லதுக்குத்தான் செய்தாய் என்று அம்மா சொன்னாள் அல்லவா, அதையும் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் நிஜமாக ஓடிய நேரம் அவர்களுக்குப் போதாது என்று யார் முடிவு செய்தது? கால்வாய்க் கரையில் துணி வெளுத்த தண்ணீர் ஓடுகிற சேற்றில், கிழிந்த ஷூவோடு, இருபத்துநான்கு நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவளை இருக்கிறபடி பார்த்து, நல்லா ஓடினே என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. புல்தரைப் பிள்ளைகளின் நேரத்தை இவர்கள் மேல் ஒட்டிப் பார்க்க ஆசைப்பட்டாய். ஒட்டவில்லை என்றதும் குற்றம் பாதையில் இல்லை, இவர்கள் நெஞ்சில் என்றாய். இல்லாதவர்களிடம் எல்லோரும் சொல்வது இதைத்தான். எங்கள் அலுவலகத்திலும் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள். உன் வாயிலிருந்தும் அது வரும் என்று நான் நினைக்கவில்லை.

அணிச் செய்தி. நான்கு பேரையும் கம்பத்தடிக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். யாரும் அழவில்லை. சின்னது மட்டும், அப்படியானால் போன வருஷம் நாம் தோற்கவே இல்லையா என்று கேட்டாள். தோற்றோம், ஆனால் சார் சொன்ன காரணத்துக்காக இல்லை என்றேன். பிறகு ரேடியோ கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடப்பாரையைப் பம்ப் ஹவுஸ் காவலாளியே கொண்டுவந்து கொடுத்தார். நீ நன்றாக ஆழமாகத்தான் நட்டிருந்தாய், முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான்கு பேரும் தோளில் வைத்துப் பம்ப் ஹவுஸ் குழிக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் ரேடியோ மீட்டர் மீட்டராகச் சத்தமாக எண்ணினாள். "இது சார் முழுங்குனது, இதுவும் சார் முழுங்குனது, இவ்வளவையும் முழுங்கிட்டு எப்படித்தான் செரிச்சதோ" என்றாள். சிரித்துச் சிரித்து ஒருத்தி கம்பத்தை விட்டுவிட்டாள், என் கால் கட்டைவிரல் நசுங்கியது. நகம் கறுத்திருக்கிறது.

மறுநாள் முழுப் பாதையில் ஓடினார்கள். எல்லோருடைய நேரமும் கூடியது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். அவர்கள் என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி, போன வருஷப் பக்கங்களின் மேல் பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிட்டு, புதுப் பக்கத்தில் தங்கள் நேரத்தைத் தாங்களே எழுதினார்கள். அன்றிலிருந்து நான்கு பேரும் ஒருநாள்கூடத் தவறவில்லை. கோபம் வந்த பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடுகிறார்கள். இதற்கு வாழ்த்துக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை.

அஞ்சாவது வரவில்லை. ஆனால் நேற்று, வேலைக்குப் போகிற வழியில், கால்வாய்ப் பாலத்தின் மேல் புத்தகப் பையோடு நின்றாள். கம்பம் இருந்த பழைய இடத்தைப் பார்த்தாள், புது இடத்தைப் பார்த்தாள். கூப்பிட்டேன். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ரேடியோவிடம் மட்டும் பள்ளியில் சொல்லியிருக்கிறாள், சார் எழுதினால் வருகிறேன் என்று.

அவள் கேட்பது நியாயம். சொன்னவன் வாயிலிருந்துதான் அது திரும்பி வர வேண்டும். இரண்டாவது கார்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


பத்தாம் தேதி

அண்ணா,

பார்சல் வந்தது. பள்ளி முகவரிக்கு, உன் கையெழுத்தில். ஐந்து ஜோடி ஓட்ட ஷூ. பிரித்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியை அறையிலிருந்து ஓடிவந்தார். உடனே ஒரு போட்டோ எடுத்து, உன் வாழ்த்துக் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

நான் கடிதத்தைத் தேடினேன். பெட்டிக்குள், மூடிக்கு அடியில், ஷூவுக்குள் சுருட்டி வைத்திருந்த காகிதத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து. எல்லாம் வெறும் காகிதம். தலைமையாசிரியை என்னம்மா தேடுகிறாய் என்றார். பில் என்றேன்.

நான்கு ஜோடியைப் போட்டுக்கொண்டார்கள். போடக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பழைய ஷூவைப் பார்த்தவள் நான். ஐந்தாவது ஜோடியின் அளவைப் பார்த்தேன். இடது ஒரு அளவு, வலது அதைவிட அரை அளவு பெரிது. அவளுக்கு வலது கால் கொஞ்சம் பெரிது என்பது உனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடைக்காரனிடம் கெஞ்சி இரண்டு பெட்டியைப் பிரித்து ஒரு ஜோடி சேர்த்திருப்பாய். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அப்புறம் இன்னும் கோபம் வந்தது. கால் அளவு அரை எண் வரைக்கும் நினைவிருக்கிறவனுக்கு ஒரு வரி எழுதக் கை ஏன் வரவில்லை?

எழுதினால் அந்தக் கார்டு யார் கையிலாவது கிடைத்துவிடும், அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடும், நோட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. வேலை போனால் என்ன ஆகும் என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், உன் பணத்தில்தான் அம்மாவின் மருந்து வருகிறது. அதனால்தான் தலைமையாசிரியையிடம் இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. இனியும் திறக்க மாட்டேன். பிள்ளைகளும் வெளியே சொல்லவில்லை. ரேடியோ சொல்லாமல் இருக்கிறாள் என்றால் யோசித்துப் பார். உன்னை அவர்கள் எவ்வளவு காப்பாற்றுகிறார்கள் என்பதையும் யோசித்துப் பார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளுக்கும் இடத்துக்குப் போனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூடியைத் திறந்து ஒரு ஷூவை எடுத்தாள், வலதை. உள்ளே விரலை விட்டு அழுத்திப் பார்த்தாள். சரியாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு கேட்டாள்.

"சார் ஏதாவது எழுதியிருக்காரா அக்கா?"

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், உன் கையெழுத்து எனக்கு வரும், சின்ன வயதில் உன் மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தையே போட்டவள் நான். ஆனால் அந்தப் பெண்ணிடம் நம் வீட்டிலிருந்து இன்னொரு பொய் போகக் கூடாது. ஷூவைப் பெட்டிக்குள் வைத்து, மெல்லிய காகிதத்தை முன்பு இருந்த மாதிரியே மடித்து, மூடியை மூடிக் கொடுத்துவிட்டாள். அவள் அம்மா உள்ளிருந்து கூப்பிட்டார், போய்விட்டாள். பெட்டி இப்போது நம் வீட்டில், உன் பழைய மேசை மேல் இருக்கிறது. அம்மா தினமும் அதைத் துடைக்கிறாள்.

பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாள் இருபதாம் தேதி, சாயங்காலம் நான்கு மணி. நான்கு பெயர் எழுதியாயிற்று. ஐந்தாவது வரி காலியாக இருக்கிறது. வேறு ஒருத்தியைச் சும்மா நிறுத்திவிடலாம் என்று தலைமையாசிரியை சொன்னார். முடியாது என்றேன். பிள்ளைகளும் முடியாது என்றார்கள்.

இந்தக் கடிதம் பதின்மூன்றாம் தேதி உன் கைக்கு வரும். பதினாறுக்குள் நீ போட்டால் பத்தொன்பதில் அவள் கையில் இருக்கும். நான் அளந்து பார்த்துவிட்டேன், நேரம் இருக்கிறது.

உன் மேல் எனக்கு வேறு எந்தக் கோபமும் இல்லை. நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. அங்கே உன் புதுப் பிள்ளைகள் ஓடுகிற பாதையை ஒருமுறை நீயே நடந்து அளந்துவிடு. உன் ஷூவைப் போட்டுக்கொண்டு அந்த நான்கு பேரும் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பம்ப் ஹவுஸ் வரைக்கும் போய்த்தான் திரும்புகிறார்கள்.

உன் தங்கை

மூன்றாவது கார்டு உள்ளே இருக்கிறது. அவளுக்கு எழுது.